எந்தப் பிரதியை வைத்திருக்க

ஓல்டனில் இன்றைக்கும் முகில் தரையில்தான்.
ஆரே ஆற்றின் மரப்பாலம் பாதியோடு நிற்கிறது,
மற்றப் பாதியை
இன்னும் யாரும் ஏற்றி முடிக்கவில்லை.

இரவு பத்தரைக்கு
முதியோர் இல்லத்துச் சமையலறையால் வந்து
வெங்காய விரல்களைக் கழுவி
கணினியைத் திறக்கிறேன்.
பக்கத்தில் ஃபோன்.
இரண்டுக்கும் நடுவே, சீட்டுத் தாச்சி நான்.

பதினெட்டுப் பேர், மாதம் முந்நூறு பிராங்க்.
எடுத்தவர், எடுக்காதவர், கழிவு,
எல்லாம் ஒரே அட்டவணை, அது முகிலில்.
தானாக ஒத்திசைய நான் விடுவதில்லை.
ஒருமுறை விட்டேன்.
பாசல் ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்த நேரம்
அரைகுறையாய் அடித்த ஒரு வரி மேலே போய்
ஆவணி மாதம் முழுவதையும் விழுங்கிவிட்டது.
அன்றிலிருந்து கையால்தான்.
வட்டமிடும் அந்த இரண்டு அம்புகளை
என் பெருவிரல் தொட்டால்தான் கணக்கு நகரும்.

காசு கைமாறுவது ரயில்நிலையத்தில்.
பாசலால் வருபவர், சூரிச்சால் வருபவர், பேர்ணால் வருபவர்,
எல்லாருக்கும் ஓல்டனில் நாலு நிமிடம் உண்டு.
நாலு நிமிடம் ஒரு உறைக்கும்
ஒரு 'எப்பிடி அக்கா'வுக்கும் போதும்.
நான் ஃபோனில் பெயருக்கு நேரே ஓர் 'ஆம்' போடுவேன்.
புஷ்பலீலா, ஆம். எண்ணிப் பார்க்க விடமாட்டாள்.
கெங்காதரன், ஆம், இருபது குறைய,
நாளைக்கு அனுப்புவாராம்.

இன்று அம்புகளைத் தொட்டேன்.
சுற்றின. நின்றன.
முரண்பாடு, என்றது திரை.
இரண்டு பிரதிகள் உள்ளன,
எதை வைத்திருக்க விரும்புகிறீர்கள்?

கணினியில்
லோகிதாசன், கார்த்திகை, ஆம்.
ஃபோனில்
லோகிதாசன், கார்த்திகை,

இரண்டும் என் கைதான்.
களவு என்றால் பொலிசுக்குச் சொல்லலாம்.
இதை ஆரிட்டைச் சொல்ல?

ஞாயிறு இரவு எடுத்திருந்தார்.
வேலை நின்றிட்டுது அக்கா,
செவ்வாய் ஏழாம் மேடையில் கட்டாயம் தாறன்.
கட்டாயம் என்ற சொல்லுக்குள் ஒரு இருமல் இருந்தது.
அப்போது கணினிக்கு முன்னால் இருந்தேன்.
'ஆம்' என்று போட்டுவிட்டேன்,
போட்டால் தந்துவிடுவார் என்பதுபோல.
அம்புகளைத் தொடாமலே படுத்தும்விட்டேன்.

செவ்வாய், ஏழாம் மேடை.
பேர்ண் ரயில் மூன்று நிமிடம் பிந்தி வந்தது.
இறங்கியவர்களில் அவர் இல்லை.
இருந்தார்.
ஜன்னலுக்குள் இருந்தார்.
கையிலிருந்த ஃபோனை
அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அதன் திரை கறுப்பென்பது
வெளியிலிருந்தே தெரிந்தது.
நானும் என் ஃபோனைப் பார்த்தேன்.

ஃபோனை வைத்தால்
காலையில் பதினெட்டுப் பேரும் பார்க்க
அவர் பெயருக்கு நேரே ஒரு ஓட்டை விழும்.
புஷ்பலீலா வாயை வைத்துக்கொண்டு இருக்கமாட்டாள்.
கணினியை வைத்தால்
முந்நூறு பிராங்குக்கு நான் பொய்க்காரி.
மூன்றாவதாகவும் ஒன்று தந்திருந்தார்கள்:
இரண்டையும் வைத்திரு.
அதை எழுதியவர் ஒருநாளும் சீட்டுப் பிடித்திருக்கமாட்டார்.

பிஸ்கட் டின்னைத் திறந்தேன்.
பல்லுக்கென்று சேர்த்த காசு.
மூன்று நூறு தாளை எடுத்துச் சீட்டு உறைக்குள் வைத்தேன்.
ஞாயிறு சொன்னது இப்போது பொய்யில்லை,
கொஞ்சம் பிந்தி வந்த உண்மை,
அந்த ரயிலைப் போல.

கணினிப் பிரதி. சரி.
ஃபோனோடு அழிந்துபோன
புஷ்பலீலாவையும் கெங்காதரனையும்
மறுபடி கையால் அடித்தேன், இருபது குறைய.
நாக்கு இடக் கடைவாயைத் தொட்டுப் பார்த்தது.
பெருவிரல் அம்புகளைத் தொட்டது.

பதினொன்று நாற்பது.
மூடப் போகையில்
திரையின் மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம் வந்து நின்றது,
உள்ளே 'லோ' என்ற எழுத்து.
ஆரோ பார்க்கிறார்கள் என்பதற்கு அடையாளம்.

கனநேரம் அது போகவில்லை.
நானும் மூடவில்லை.